பின்வாசல் மரியாதை

வீரசிங்கத்துக்கு ஸ்டுட்கார்ட் நகரத்தின் முதுகுதான் தெரியும். முகம் தெரியாது. இரண்டு வருஷம் ஜெர்மனியில் படித்தவன், அந்த ஊர் அரண்மனைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை, எந்தக் கதவைத் திறந்து எந்தக் கிழவி வாளித் தண்ணீரை வீசுவாள், அவள் வீசும்போது எந்தப் பக்கம் துள்ளினால் நனையாமல் தப்பலாம், எல்லாவற்றையும் ஒப்பிப்பான்.

இதற்காக அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவன் பிறந்து வளர்ந்தது சிலோன் மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தாய் இராக்கம்மா கொழுந்து எடுக்கிறவள். தகப்பன் ரெங்கசாமி தேயிலை ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அந்தத் தோட்டத்தில் துரையின் பங்களாவுக்கு இரண்டு வழி உண்டு. முன்வழியில் சரளைக்கல், ரோஜாச்செடி, பித்தளை மணி. அது துரைக்கும், துரையைப் பார்க்க வருகிற மற்றத் துரைமாருக்கும். பின்வழியில் சேறு, கோழிக்கூடு, சமைக்கிற குசினி. அது உலகத்தில் மீதி இருக்கிற அத்தனை பேருக்கும். இதை யாரும் பலகையில் எழுதி மாட்டியதில்லை. எழுதி மாட்டியிருந்தால், வேண்டுமென்றே மீறிப் பார்க்க ஒரு குறும்புக்காரனாவது கிளம்பியிருப்பான். எழுதாததால் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே இதையும் சேர்த்துப் பழகிக்கொண்டார்கள். பெரிய கட்டடம் ஒன்றைக் கண்டால் போதும், கால் தானாகவே பின்பக்கம் திரும்பிவிடும்.

அப்படிப்பட்ட காலோடுதான் வீரசிங்கம் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினான். பதுளையில் அவனுக்குக் கணக்குப் படிப்பித்த ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர், எங்கோ ஒரு மூலையில் உதவிப்பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பையனைப் பிடித்துப் பரீட்சைக்கு உட்கார வைத்தார். தோட்டத்து ஆட்களுக்கு லேசில் கிடைக்காத பிரஜாவுரிமை ரெங்கசாமிக்குக் கிடைத்ததே லயத்துக்குப் பெரிய அதிசயம். அவர் மகனுக்கு ஜெர்மனி கிடைத்தது அதைவிடப் பெரிய அதிசயம். சந்தோஷத்தில் ரெங்கசாமி தன்னுடைய ஒரே கோட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷமும் குளிரில் நடுங்கினார்.

ஸ்டுட்கார்ட்டைப் பார்த்ததும் வீரசிங்கத்துக்கு மனசு குளிர்ந்தது. சுற்றிவர மலை. சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சை. நடுப்பள்ளத்தில் ஊர். திராட்சையைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டால் நம்ம பதுளைதான் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் தூக்கிவைத்தபடி படிக்கட்டுகளில் ஏறினான். அவன் தங்கவேண்டியது பேராசிரியர் ஹாப்னரின் வீட்டு மேல்மாடியில். ஹாப்னர்தான் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்போகிறவர். சூடான காற்றால் பொருள்களை உலர்த்தும் இயந்திரங்களில் அவர் பெரிய கை.

வீட்டின் முன்னால் வந்து நின்றான். பளபளவென்று ஒரு கதவு. பக்கத்தில் பித்தளை மணி. பித்தளை மணியைக் கண்டதுமே கால் திரும்பிவிட்டது.

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனால் வாசலைக் காணோம். ஜெர்மன்காரன் வீட்டைக் கட்டும்போது வீரசிங்கம் வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. தரையோடு தரையாக ஒரு சின்னப் பலகைக் கதவு மட்டும் இருந்தது. அதுதான் வழி போலிருக்கிறது என்று திறந்து, பெட்டியை முதலில் விட்டு, பிறகு தன்னையும் விட்டான். அது நிலக்கரி கொட்டுகிற கதவு. பெட்டியும் அவனும் சறுக்கிக்கொண்டு போய்க் கரிக்குவியலில் இறங்கினார்கள். நிலவறைப் படி வழியாக ஏறி, சமையலறைக் கதவைத் தட்டி, தலை முதல் கால் வரை கரியோடு, தான் பாடமாக்கி வைத்திருந்த ஒரே ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னான். “வணக்கம் அம்மா, நான் சிலோனிலிருந்து வந்த மாணவன்.”

பேராசிரியரின் மனைவி எல்ஸ அம்மாள் கையிலிருந்த முட்டைகளைக் கீழே போட்டுவிட்டுக் கத்திய கத்தலில் பேராசிரியர் ஓடிவந்தார்.

“ஏன் இந்த வழியாக வந்தாய்?” என்று அவர் கேட்டார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான். வீரசிங்கம் கரி படிந்த கையைச் சட்டையில் துடைத்தான். எங்களை மாதிரி ஆட்களுக்கு முன்வாசல் கிடையாது என்று சொல்லலாம். அதுதான் உண்மை. வந்து இறங்கிய முதல் நாளே, கரி வழிகிற முகத்தோடு அதை எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

“எங்கள் நாட்டில், மதிப்புக்குரியவர்கள் வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் போவோம். அது மரியாதை.”

யோசித்துப் பார்த்தால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட அதிக தூரம் ஓடும். பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். “எல்ஸ! கேட்டாயா? நம்மைக் கௌரவிப்பதற்காக இந்தப் பையன் கரியில் விழுந்திருக்கிறான்!” என்றார். எல்ஸ அம்மாள் முட்டையைத் துடைத்துக்கொண்டே, அந்தக் கௌரவத்தைத் துணி துவைக்கிற நாளில் செய்திருக்கக் கூடாதா என்றாள்.

அன்றிலிருந்து வீரசிங்கத்துக்குப் பின்வழி உறுதியாகிவிட்டது. ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாலும் அப்படித்தான். மீன், காய்கறி விற்கிற பெரிய சந்தை மண்டபத்துக்குப் பின்னால் போனான். யாரோ முட்டைக்கோவா மூட்டையைத் தோளில் ஏற்றினார்கள். ஏற்றினால் இறக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம். சாயந்திரம் வரை இறக்கினான். மாதாகோயிலுக்குப் பின்னால் போய் ஒரு சின்னக் கதவைத் தள்ளினான். பூசை நடந்துகொண்டிருந்தது. பாதிரியாருக்குப் பக்கத்திலேயே போய் வெளிப்பட்டான். எதிரே ஊர் முழுக்க முழங்காலில் இருந்தது. தனக்குத்தான் போல என்று பதறி, அவர்களைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டான்.

நாடகக் கொட்டகையில்தான் உச்சம். பின்கதவால் நுழைந்தவனை யாரோ கையைப் பிடித்து இழுத்துப்போய், தலைப்பாகை கட்டி, கையில் ஈட்டியைக் கொடுத்து, வெளிச்சத்தில் நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு முன்னால் ஒரு ராஜா குத்துப்பட்டுக் கிடந்தார். குத்துப்பட்ட மனுஷன் சும்மா கிடக்காமல் பாட ஆரம்பித்தார். பாடினார், பாடினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடினார். லயத்தில் ஒருத்தன் விழுந்து கிடந்தால் வேடிக்கை பார்த்து நிற்கிற பழக்கம் வீரசிங்கத்துக்கு இல்லை. ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்துக் கூஜாவை எடுத்துப்போய், ராஜாவின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினான். கூஜா காலி. ஆனாலும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ராஜா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு செத்தார்.

ஊருக்கு வந்ததைப் பதிவு செய்யப் போலீஸ் நிலையத்துக்குப் போனபோதும் அதே கதைதான். போலீஸ் நிலையத்தின் பின்வாசல் எங்கே போகும்? கம்பிக்கு உள்ளே போகும். சைக்கிள் திருடன் ஒருவனோடு உட்கார்ந்து உருளைக்கிழங்குச் சூப் குடித்துக்கொண்டிருந்தவனைப் பேராசிரியரே வந்து மீட்டார். மீட்டதோடு விடவில்லை. “உங்களைக் கௌரவிக்கத்தான் இவர் அந்த வழியாக வந்தார்” என்று போலீஸ்காரருக்கு விளக்கினார். போலீஸ்காரர் எழுந்து நின்று தொப்பியைத் தொட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் பெரிய சேதமில்லை. பேராசிரியர் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. அந்தக் கீழைத்தேய மரியாதை அவருக்கு மிகவும் பிடித்துப்போய், தன் வீட்டுக்கு வருகிற முக்கியமான ஆட்களை எல்லாம் கரிக்கதவு வழியாக வரவேற்கத் தொடங்கினார். கல்லூரித் தலைவர் வந்தார், கரியில் சறுக்கினார், மரியாதையை நினைத்துப் பொறுத்துக்கொண்டார். பாதிரியார் வந்தார், சறுக்கினார், பொறுத்துக்கொண்டார். கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகைக்குப் பேராசிரியரின் மாமியார் வந்தாள். கனத்த சரீரம். வெள்ளை ரோமக் கோட்டு. சறுக்கினாள். பொறுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு ரோமக் கோட்டோடு எழுந்து, மருமகனை அவர் பிறந்த ஊர் வரைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிப் போனவள்தான். பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பேராசிரியர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து காலையில் சவரம் செய்யும்போது சீட்டியடித்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீரசிங்கத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம், ஹாப்னருக்குப் பொய் என்றால் ஆகாது. அவனுக்கு மேல் வகுப்பில் ஒரு கெட்டிக்கார மாணவன் இருந்தான். வரைபடத்தில் கோடு அழகாக வரவேண்டும் என்று, வெப்பமானியில் பார்த்த அளவை அரை டிகிரி மாற்றி எழுதிவிட்டான். பேராசிரியர் அவனை அன்றைக்கே வெளியே அனுப்பினார். “அரை டிகிரிக்குப் பொய் சொல்பவன் எதற்கும் சொல்வான்” என்றார். அரை டிகிரிக்கே இந்தக் கதி என்றால், பாதிரியாரைக் கரியில் உருட்டியவனுக்கு என்ன கதி? வீரசிங்கத்தின் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். பட்டம் இல்லாமல் ஊருக்குத் திரும்பினால், லயமே தேர் இழுக்கிற மாதிரி கூடி வந்து ஸ்டேஷனில் நிற்கும். அந்த முகங்களில் எப்படி விழிப்பது? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயைத் திறந்தான். திறந்த வாயில் எல்ஸ அம்மாள் ரொட்டியை வைத்ததுதான் மிச்சம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பேராசிரியர், “வீரசிங்கம், நல்ல செய்தி” என்றார். அவர் நல்ல செய்தி என்று சொன்னாலே அவனுக்கு வியர்த்துவிடும். “தேயிலை உலர்த்தும் இயந்திரங்களைப் பார்க்க சிலோனுக்கு அழைத்திருக்கிறார்கள். உன் தோட்டத்துக்கே போகிறோம். நீதான் மொழிபெயர்ப்பாளன். அந்த மரியாதையை அது பிறந்த மண்ணிலேயே செய்ய எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா?”

வீரசிங்கம் சிரித்தான். சிரித்த மாதிரி பல்லைக் காட்டினான் என்பதுதான் சரி.

தெமோதரை ஸ்டேஷனில் இறங்கியதும் விதி முதல் விளையாட்டைக் காட்டியது. அங்கே ரயில் நம்மை இறக்கிவிட்டுப் போய், மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, கொஞ்ச நேரத்தில் நாம் நிற்கிற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகும். பதுளைக்காரருக்கு இது சாதாரணம். பேராசிரியர் நடைமேடையில் கல்லாக நின்று, காலடியில் போன ரயிலைப் பார்த்தார். பிறகு மாணவனின் தோளில் கைவைத்துச் சொன்னார். “ரயில்கூடச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் போகிறது!”

துரையின் கார் அவர்களை ஏற்றிக்கொண்டு பங்களா முன்வாசலில் போய் நின்றது. துரையும் துரைசாணியும் ரோஜாச்செடிகளுக்கு நடுவே நல்ல உடுப்போடு நின்றார்கள். பேராசிரியர் இறங்கினார். தொப்பியைக் கழற்றித் துரைக்கு ஆழமாக ஒரு வணக்கம் வைத்தார். பிறகு திரும்பி, ரோஜாச்செடியைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, கோழிக்கூட்டுப் பக்கமாக நடந்து மறைந்தார்.

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கற்ற தமிழ். அதிலேயே, “எங்க போறாரு?” என்றார். பிறகு அவரே யோசித்து, “ஓ... அவங்க ஊர் பழக்கமா?” என்று கேட்டார். வீரசிங்கம் தலையை ஆட்டினான். ஆமாவும் ஆகாமல் இல்லையும் ஆகாமல் ஓர் ஆட்டல். துரை நல்ல வம்சத்து மனுஷர். விருந்தாளியின் பழக்கத்தைக் குறை சொல்லும் ஆள் இல்லை. பேராசிரியர் சிலோன் மரியாதை செய்கிறார். துரை ஜெர்மன் மரியாதைக்கு இடம் கொடுக்கிறார். நடுவில் நிற்கிறவன் வாயைத் திறந்தால் இரண்டும் கவிழ்ந்துவிடும்.  பழகிய காலோடு வீரசிங்கமும் பின்பக்கம் ஓடினான்.

குசினியில் சமையற்காரர் இத்ரூஸ் கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்து, இறகு ஒட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார். “யா அல்லாஹ், தம்பி, இது யாரு?” என்று இத்ரூஸ் கேட்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம். துரை தன்னுடைய குசினியைத் தேடிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பங்களாவில் இருந்தும் குசினிக்கு எந்தக் கதவு என்று அவருக்குத் தெரியாது. ஒரு கதவைத் திறந்தார், அது துணி அலுமாரி. இன்னொன்றைத் திறந்தார், துடைப்பங்கள் அவர்மேல் சாய்ந்தன. கடைசியில் இத்ரூஸே போய் முதலாளியைக் கைத்தாங்கலாக அவருடைய சொந்தக் குசினிக்கு அழைத்து வந்தார்.

பேராசிரியர் ஏற்கெனவே மரக்கறி வெட்டுகிற மேசையில் உட்கார்ந்துவிட்டார். ஆகவே விருந்து அங்கேயே நடந்தது. துரைசாணி அரிசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். துரை கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து, “ஜெர்மனியில எல்லா வீட்லயும் இப்படித்தானா?” என்று வீரசிங்கத்தைக் கேட்டார். “உன் துரை என்ன கேட்கிறார்?” என்று பேராசிரியர் கேட்டார். “கோழி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்” என்றான் வீரசிங்கம். “அற்புதம் என்று சொல்.” வீரசிங்கம் துரையிடம் திரும்பி, “அற்புதம்னு சொல்றாருங்க” என்றான். தன் கேள்விக்கு இது என்ன பதில் என்று துரைக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

தப்பிவிட்டேன் என்று வீரசிங்கம் மூச்சு விடப்போகும் நேரத்தில், பேராசிரியர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இப்போது உன் வீட்டுக்குப் போவோம். உன் தாயாருக்கு நான் முறையான மரியாதை செய்ய வேண்டும்.”

 லயத்து வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான ஒரு கட்டடம். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒற்றை அறைகளாக ஒரு வரிசைக் காம்பராக்கள், அந்தப் பக்கம் ஒரு வரிசைக் காம்பராக்கள், ஒன்றோடொன்று முதுகு ஒட்டிக்கொண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. ஒரு காம்பராவுக்கு ஒரே ஒரு கதவு. பின்வாசல் என்று ஒன்று இருந்தால்தானே அதில் மரியாதை செய்ய?

லயத்தில் அன்றைக்கு இராக்கம்மா ராணி. துரையே நடந்து வருகிறார், கூடவே மகனின் வாத்தியார் வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து வாசலை மெழுகிக்கொண்டே இருந்தாள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ரெங்கசாமி அவளுக்குப் பின்னால், திரும்பக் கிடைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் வந்தார். இராக்கம்மாவுக்கு ஆழமாக வணக்கம் வைத்தார். வைத்துவிட்டு, வழக்கம்போல் திரும்பி, லயத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

“எங்கடா போறாரு?” என்றாள் இராக்கம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “பாவம், அவசரம் போல. கக்கூஸு கீழ இருக்குன்னு சொல்லுடா!” என்றாள்.

வீரசிங்கம் பின்னாலேயே ஓடினான். அதற்குள் பேராசிரியர் லயத்தின் மறுபக்கம் போய், கதவுகளை எண்ணிச் சரியாக இராக்கம்மாவின் காம்பராவுக்கு முதுகுப்புறக் காம்பராவைக் கண்டுபிடித்துவிட்டார். அது பாக்கியலெட்சுமியின் வீடு. இராக்கம்மாவுக்கும் பாக்கியலெட்சுமிக்கும் ஒரு கோழி விஷயமாக மூன்று தீபாவளியாகப் பேச்சுவார்த்தை இல்லை. தலைவாரிக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி, வாசலில் வெள்ளைக்காரர் வணங்கி நிற்பதைப் பார்த்தாள். ஒரு கணம்தான் திகைத்தாள். அடுத்த கணம் முகம் பூரித்துப்போய், “வாங்க தொரை, வாங்க! உள்ள வாங்க!” என்று பலகையைப் போட்டு, தேத்தண்ணியை நீட்டினாள். சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்த இடைவெளிக்குக் கேட்கிற மாதிரி, “எங்க வீட்டு தேத்தண்ணி எப்படிங்க தொரை?” என்று ஓங்கிக் கேட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இடி விழுந்தது. “அடியே பாக்கியம்! எங்க விருந்தாளிய எதுக்குடி புடிச்சு வச்சிருக்க?”

பேராசிரியர் தேத்தண்ணியும் கையுமாக, நடுச்சுவரை மெதுவாகத் தட்டிப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தட்டினார். “வீரசிங்கம், இங்கிருந்து உன் தாயாரின் அறைக்குப் போகும் கதவு எங்கே?”

“இல்லை, ஐயா.”

“பின்வாசல் இல்லையா?”

“இல்லை, ஐயா.”

பேராசிரியர் வெளியே வந்தார். துரை தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் நின்றுகொண்டிருந்தார். லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பேராசிரியரின் நெற்றி சுருங்கியது. வெப்பமானியில் தப்பான அளவைக் கண்டால் சுருங்குகிற அதே சுருக்கம். “பிறகு உங்கள் வீட்டுக்கு மதிப்புக்குரியவர்கள் எந்த வழியாக வருவார்கள்?” என்று கேட்டார்.

அதற்குள் இராக்கம்மா கல்யாணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டாள். “என்னடா கேக்குறாரு?”

“பின்வாசல் எங்கன்னு கேக்குறாரும்மா.”

“பின்வாசலா?” இராக்கம்மா இடுப்பில் கைவைத்தாள். “நம்ம வீடு என்ன பங்களாவா, வந்த மனுசங்கள பின்னாடி அனுப்புறதுக்கு? மொன்னாடி வரச் சொல்லு!”

 துரைக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. துரையின் காது இரண்டும் சிவந்தன. அவர் கானில் ஓடுகிற தண்ணீரை அக்கறையாகப் பார்த்தார்.

“உன் தாயார் என்ன சொன்னார்?” என்று பேராசிரியர் கேட்டார்.

அங்கே ஜெர்மனும் தமிழும் தெரிந்தவன் ஒருத்தன்தான். வீரசிங்கம் என்ன சொன்னாலும் நம்புவார்கள். கோழி அற்புதம் என்று சொல்லித் தப்பியவனுக்கு இன்னொரு கோழி கிடைக்காதா? ஆனால் தாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலிலும் மழையிலும் அந்தப் பங்களாவின் சேற்று வழியாக நடந்து தேய்ந்த பாதங்கள் சேலைக்குக் கீழே தெரிந்தன. அந்த நடையைத்தான் அவன் இரண்டு வருஷமாக மரியாதை, மரியாதை என்று ஊரெல்லாம் விற்றிருக்கிறான். அவனுக்கு அழுகை வந்தது. பட்டம் போனால் போகட்டும், இவள் சொன்ன சொல்லை மட்டும் மாற்றக் கூடாது என்று தோன்றியது.

“எங்கள் வீடு பங்களாவா, வந்த விருந்தாளியைப் பின்னால் அனுப்ப, என்று அம்மா கேட்கிறார்” என்றான். பிறகு நிறுத்த முடியவில்லை. “மரியாதை என்று நான் சொன்னது பொய், ஐயா. துரை மட்டும்தான் முன்னால் போவார். எங்களுக்குப் பின்னால்தான். உங்கள் வீட்டு மணியை அடிக்க எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.”

பேராசிரியரின் முகம் இறுகியது. “பொய்” என்றார். “இரண்டு வருஷம். போலீஸ்காரர் எழுந்து நின்று தொப்பியைத் தொட்டார். கல்லூரித் தலைவர் கரியில் விழுந்தார். பாதிரியார் விழுந்தார். என் மாமியார்...”

மாமியாரில் வந்து நின்றுவிட்டார். இறுகிய முகம் மெல்ல இளகியது. அவர் கண்ணில் ஏதோ கணக்கு ஓடியது. வீரசிங்கத்தைக் கையைப் பிடித்து, லயத்து ஓரத்தில் இருந்த ஒரு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப்போனார்.

“இது எல்ஸவுக்குத் தெரியக் கூடாது.”

“ஐயா, நீங்கள்தானே உண்மை...”

“உண்மை வெப்பமானிக்கு” என்றார் பேராசிரியர் கண்டிப்பாக. “நத்தார் வேறு விஷயம். என் வீட்டில் நீ இனிமேலும் கரிக்கதவால்தான் வரவேண்டும். இல்லாவிட்டால் எல்ஸ சந்தேகப்படுவாள். எல்ஸ சந்தேகப்பட்டால் அவள் தாய் முன்வாசலில் வந்து நிற்பாள்.” ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டு, “மற்ற எல்லா இடத்திலும் முன்வாசல். அரண்மனை, நாடகக் கொட்டகை, எல்லாம். நானே கூட வந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து” என்றார்.

இருவரும் லயத்தைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்கள். இராக்கம்மா வாசலில் நின்று, “வாங்க, வாங்க” என்றாள். பேராசிரியர் இந்த முறை நேராக முன்வாசலுக்கு நடந்தார். நெடிய மனுஷர், கதவோ குள்ளம். நிலையில் நெற்றி ‘ணங்’ என்று இடித்தது. ரெங்கசாமி கோட்டைக் கழற்றி அவர் நெற்றியில் ஒற்றினார். அதைவிடப் பெரிய மரியாதை அந்த வீட்டில் இல்லை.

துரை மட்டும் வெளியே, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். அந்தத் தோட்டத்தில் அவர் நிற்காத இடமில்லை. ஆனால் ஒரு வீட்டு வாசலில், உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் நின்றதை அன்றுதான் லயம் பார்த்தது. அவருடைய கால் மெதுவாக லயத்தின் பின்பக்கம் திரும்பப் பார்த்தது.

“அங்க எங்கங்க தொரை போறீங்க?” என்றாள் இராக்கம்மா. “வாசல் இதுதான். எல்லாருக்கும் இது ஒன்னுதான். தலைய மட்டும் குனிஞ்சுகிட்டு வாங்க.”

துரை குனிந்துகொண்டு உள்ளே வந்தார்.